எழுதப்படாத மீன்: ஒதுக்கீட்டுக் கணக்கும் குமரிக் கடலோரமும்

கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலுக்கடியில் சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு ஒரு மேடு விரிந்து கிடக்கிறது. வரைபடங்களில் அதற்கு வெட்ஜ் பேங்க் என்று பெயர். கலவாவும் விளமீனும் பாரையும் கூடும் இடம். 1976 மார்ச் 23 அன்று இந்தியாவும் இலங்கையும் மன்னார் வளைகுடாவில் கடல் எல்லையை வகுத்தபோது, இந்த மேடு இந்தியாவுக்கே உரியது என்று முடிவானது. அதே நாளில் இரு நாடுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் ஒரு சலுகை எழுதப்பட்டது. இந்தியா தன் தனிப்பொருளாதார மண்டலத்தை (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை, கடல்வளத்துக்கு உரிமையுள்ள பகுதி) அமைத்ததிலிருந்து 3 ஆண்டுகளுக்கு, உரிமம் பெற்ற இலங்கைக் கப்பல்கள் 6 வரை அங்கே மீன்பிடிக்கலாம். ஆண்டுக்கு 2,000 டன்னைத் தாண்டக் கூடாது. இடையில் இந்தியா அங்கே எண்ணெய் தேட முடிவெடுத்தால் அவர்கள் விலகிக்கொள்ள வேண்டும். சலுகை முடிந்தபின் 5 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 2,000 டன் மீனை இந்தியா இலங்கைக்கு விலைக்குத் தரும்.

குமரிக் கடலின் மீனை டன் கணக்கில் பங்கிட்டு எழுதிய ஆவணம் அது. குளச்சலோ முட்டமோ கடியபட்டணமோ அதில் இல்லை. அந்த மேட்டுக்குக் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் போய் வந்தவர்கள் ஆண்டுக்கு எத்தனை டன் பிடித்தார்கள் என்ற கணக்கும் இல்லை. இரண்டு அரசுகள் பேசின, எண்ணை எழுதின, முடிந்தது.

மீன்பிடி ஒதுக்கீடு என்ற பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அந்த 2,000 டன்தான் நினைவுக்கு வருகிறது. கடலில் எவ்வளவு மீன் இருக்கிறது, எவ்வளவு பிடிக்கலாம் என்பதை விஞ்ஞானிகள் ஆய்ந்து சொல்லட்டும். அந்த அளவு யார் பெயரில் எழுதப்படும், எந்தச் சான்றை வைத்து எழுதப்படும் என்பதில்தான் நம் கடலோரத்தின் கதி இருக்கிறது.

ஒதுக்கீட்டு முறை இயங்கும் விதம் எளியது. ஓர் இனத்தில் இந்த ஆண்டு இத்தனை டன் பிடித்தால் இனம் அழியாது என்று ஆய்வாளர்கள் உச்சவரம்பு சொல்வார்கள். அரசு அதைப் பங்கு பிரிக்கும். பங்கு பெரும்பாலும் பழைய கணக்குப்படி போகும்: கடந்த சில ஆண்டுகளில் எந்தப் படகு எவ்வளவு கரைக்குக் கொண்டுவந்ததோ, அந்த விகிதம் அதற்கு. சில நாடுகளில் இந்தப் பங்கை விற்கலாம், வாங்கலாம், குத்தகைக்கு விடலாம், வங்கியில் அடகும் வைக்கலாம். அதுவரை பொதுவாக இருந்த கடல், அந்த நாளிலிருந்து பத்திரம் உள்ள சொத்தாகிவிடுகிறது. பத்திரம் எழுதும் நாளில் கையில் கணக்கு இல்லாதவர் வெளியே நிற்பார்.

நியூசிலாந்தில் நடந்தது இதுதான். அங்கே 1986இல் ஒதுக்கீட்டு முறை வந்தது. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, மீன்பிடிப்பைப் பகுதி நேரமாகச் செய்தவர்களின் உரிமங்களை அரசு நீக்கியிருந்தது. கொஞ்சம் கடல், கொஞ்சம் நிலம், கொஞ்சம் கூலி என்று பருவம் பார்த்துப் பிழைத்த கடலோர மாவோரி மக்கள் பலர் அதில் அடிபட்டுப் போனார்கள். பங்கு பிரித்தபோது அவர்கள் பெயரில் எந்தப் பிடிப்பும் பதிவாகியிருக்கவில்லை. மாவோரிகள் நீதிமன்றம் போய்ப் போராடி, 1992இல்தான் ஓர் உடன்பாடு கிடைத்தது.

இதைக் குமரியோடு வைத்துப் பாருங்கள். நம் ஊர்களில் ஒருவர் நெத்தோலிக் காலத்தில் சொந்த ஊரில் வள்ளம் இறக்குவார், அது முடிந்தால் கொல்லத்திலோ மங்களூரிலோ விசைப்படகில் ஏறுவார், இரண்டு ஆண்டு பஹ்ரைனிலோ ஈரானிலோ அங்குள்ள முதலாளியின் படகில் வேலை பார்த்துத் திரும்புவார். கடலை விட்டு அவர் ஒருநாளும் போனதில்லை. ஆனால் எந்த ஒரு துறைமுகத்தின் கணக்கிலும் அவர் தொடர்ச்சியாக இருக்க மாட்டார். காகிதத்தில் அவர் பகுதி நேர மீனவர்.

இந்தியாவில் இன்றுவரை, பிடிக்கும் மீனின் மொத்த எடைக்குப் பொதுவான வரம்பு கிடையாது. நம் அரசுகள் நாளையும் இடத்தையும் வைத்தே கட்டுப்படுத்தி வந்திருக்கின்றன. 1983இல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் கரையிலிருந்து 3 கடல் மைலை நாட்டுப்படகுகளுக்கு விட்டு, விசைப்படகுகளை அதற்கு வெளியே நிறுத்தியது. விசைப்படகுகளின் இழுவைமடிகள் (இழுவை வலைகள்) கரையோர வலைகளைக் கிழித்துக்கொண்டு போன காலத்து மோதல்களும் உயிர்ப்பலிகளும் அந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருக்கின்றன. அடுத்து வந்தது மீன்பிடித் தடைக்காலம். முதலில் 45 நாள், இப்போது 61 நாள்.

தடைக்காலத்தில் குமரி மாவட்டத்துக்கு மட்டும் ஒரு விசேஷம் உண்டு. ஒரே மாவட்டத்தில் இரண்டு நாட்காட்டிகள். சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அடைபடும். குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரைக் கணக்கில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கொச்சியில் படகைக் கட்டிப் போட்டிருக்கும், மாவட்டத்தின் மேற்கு மூலைத் தூத்தூர்க்காரர்கள் கண்முன்னே மூன்றாவதாகக் கேரளத்தின் 52 நாள் ஓடும். மீன் முட்டையிடும் காலம் கரைக்குக் கரை மாறுபடுவதால் இப்படிப் பிரித்தார்கள். அதில் நியாயம் இருக்கிறது. தமிழக அரசு தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறது. 61 நாளுக்குப் பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 131 ரூபாய். கடலைப் பாதுகாக்கும் செலவில் ஒரு பெரும் பகுதியை விசைப்படகின் கூலித் தொழிலாளி தன் அடுப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார் என்றே இதை நான் பார்க்கிறேன்.

நாளும் இடமும் சார்ந்த இந்தக் கட்டுப்பாட்டில் ஒரு நல்லது உண்டு. யார் எவ்வளவு பிடித்தார் என்று யாரும் கேட்பதில்லை, அதனால் கணக்கில்லாதவரும் தொழில் செய்யலாம். எடைக்கு மாறும்போது அந்த வசதி போய்விடும்.

குறும்பனை, மணக்குடி போன்ற ஊர்களில் விடியற்காலையில் கரைக்குப் போனால் இது புரியும். ஃபைபர் வள்ளம் அலையில் ஏறி மணலில் தட்டி நிற்கும். நாலு பேர் வலையை உதற, சாளையும் அயிலையும் மணலில் சிதறும். கூடையில் அள்ளி வைத்ததும் ஏலம் கூவத் தொடங்கிவிடுவார் ஏலக்காரர். ஐந்து நிமிடத்தில் விலை முடிந்து, மீன்காரப் பெண்களின் வட்டாவுக்கும் வியாபாரியின் ஐஸ் பெட்டிக்கும் மீன் போய்விடும். ஒருமுறை பக்கத்தில் நின்ற பெரியவரிடம், இன்றைக்கு எத்தனை கிலோ இருக்கும் என்று கேட்டேன். “கூடைக் கணக்குதான் மக்கா, கிலோ ஆரு பாத்தா?” என்றார். கரையில் தராசே இல்லை. பல தலைமுறையாகத் தராசு இல்லாமல்தான் அந்த வியாபாரம் நடக்கிறது, பெரிய குறையும் வந்ததில்லை.

அரசுக் கணக்கு எப்படி வருகிறது? மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் மாதிரிக் கணக்கெடுப்பு முறையில் சில இறங்குதளங்களில், சில நாள்களில், சில படகுகளைப் பார்த்து, அதை வைத்து மாவட்டத்துக்கும் மாநிலத்துக்கும் மொத்தத்தை மதிப்பிடுகிறது. நேர்த்தியான முறை; கடலில் என்ன கூடுகிறது, என்ன குறைகிறது என்று அறிய அது போதும். இன்ன வள்ளம், இன்னார் வலை, இத்தனை கிலோ என்று சொல்ல அந்தக் கணக்கால் முடியாது. அதற்காக அது உருவாகவும் இல்லை.

ஆழ்கடலுக்குப் போகிறவர்களின் சிக்கல் வேறு. நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று மாவட்டத்தின் மேற்கு மூலையில் எட்டு ஊர்கள் தோளோடு தோள் ஒட்டிக் கிடக்கின்றன. இந்தியாவில் ஆழ்கடல் தூண்டில் தொழிலுக்கு இவர்களை மிஞ்ச ஆளில்லை என்று தயங்காமல் சொல்லலாம். லட்சத்தீவு தாண்டியும், வடக்கே குஜராத் கடல் வரையும் போவார்கள். ஒரு பயணம் பல வாரம் நீளும். பல படகுகளில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பங்கு போட்டிருக்கும். செலவு கழித்து மிஞ்சுவதைப் படகுக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை என்று பிரிப்பார்கள். பங்குப் பிரிவினை இவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டிய பாடமல்ல.

ஆனால் இந்தப் படகுகளில் பெரும்பாலானவை மீனை இறக்குவது கொச்சியில். மீன் எங்கே இறங்குகிறதோ அந்த மாநிலத்தின் கணக்கில் ஏறும். வள்ளவிளைக்காரர் அரபிக்கடல் நடுவில் தூண்டிலில் பிடித்த கேரை (மஞ்சள் துடுப்புச் சூரை), கேரளத்தின் சூரை மீன் கணக்கில் இருக்கிறது. மாநில வாரியாகவோ மாவட்ட வாரியாகவோ ஒருநாள் பங்கு பிரிக்க உட்கார்ந்தால், நாட்டிலேயே திறமையான ஆழ்கடல் மீனவர்களின் சொந்த மாவட்டத்துக்கு அவர்கள் பிடித்த மீனில் பெரும்பகுதி கணக்கில் வராது.

கணக்கில் இல்லாமல் இருப்பதன் விலையை இந்த ஊர்கள் ஏற்கெனவே ஒருமுறை கொடுத்திருக்கின்றன. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வந்தபோது, எந்தப் படகு எங்கே இருக்கிறது, எத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்று எந்த அலுவலகத்தாலும் சொல்ல முடியவில்லை. காணாமல் போனவர்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறியது. கடைசியில் ஊர்த் தேவாலயங்கள்தான் வீடு வீடாகப் போய்ப் பெயர்ப்பட்டியல் தயாரித்தன.

சூரையில் ஒதுக்கீடு ஏற்கெனவே கதவைத் தட்டிவிட்டது. இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் சீஷெல்சில் இருக்கிறது, இந்தியா அதில் உறுப்பு நாடு. மஞ்சள் துடுப்புச் சூரை, அதாவது நம் கேரை, அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டுவிட்டதாக 2015இல் ஆணையத்தின் அறிவியல் குழு சொன்னது. அடுத்த ஆண்டே வந்த தீர்மானம், பெரிய அளவில் பிடிக்கும் நாடுகள் 2014ஆம் ஆண்டுப் பிடிப்பிலிருந்து குறைத்துக்கொள்ள வேண்டும் என்றது. 2014இல் நிறையப் பிடித்ததாகப் பதிவு வைத்திருந்தவருக்குக் குறைத்தபின்னும் நிறைய மிச்சம். 1980களிலிருந்து இந்தப் பெருங்கடலில் சுருக்குவலைக் கப்பல்களை ஓட்டிவரும் ஸ்பெயினுக்கும் பிரான்சுக்கும் தடித்த பதிவேடு இருக்கிறது. கரையோர நாடுகள் இதை ஒத்துக்கொள்ளவில்லை. 2021இல் கடுமையாக்கப்பட்ட தீர்மானத்துக்கு இந்தியாவும் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தது. ஒரு நாட்டின் கடலுக்குள் வெளிநாட்டுக் கப்பல் பிடித்த மீன், கப்பலின் கொடிக்குச் சேருமா, கடலுக்கு உரிய நாட்டுக்குச் சேருமா என்று அங்கே ஆண்டுக்கணக்கில் வாதம் நடக்கிறது.

இந்தியா அந்த மேசையில் வைக்கும் வாதம் சரியானது: பழைய பதிவேட்டை மட்டும் பார்க்காதீர்கள், கரையில் வாழும் ஏழை மீனவனைப் பாருங்கள் என்கிறது. அதே வாதத்தை டெல்லியும் சென்னையும் தங்கள் மேசையிலும் வைக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். நாட்டுக்கென்று ஒரு பங்கு வந்து, அதை உள்ளே பிரிக்கும் நாளில், பெரிய நிறுவனத்தின் கணினிக் கணக்கையும் தூத்தூர்க்காரரின் நோட்டையும் ஒரே தராசில் வைத்தால் தட்டு எந்தப் பக்கம் சாயும் என்பது தெரிந்ததே.

2025 நவம்பரில் மத்திய அரசு தனிப்பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிப்பதற்குப் புதிய விதிகளை அறிவித்தது. விசைப்படகுகளும் பெரிய இயந்திரப் படகுகளும் இணையவழியில் கட்டணமின்றி அணுகல் அனுமதி பெற வேண்டும். பாரம்பரிய, சிறுதொழில் மீனவர்களுக்கு விலக்கு உண்டு. கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மீனவர் உற்பத்தியாளர் அமைப்புகளுக்கும் முன்னுரிமை. எல்.இ.டி. விளக்கு வைத்துப் பிடிப்பதற்கும் இரட்டைமடி இழுப்பதற்கும் தடை. வெளிநாட்டுக் கப்பல்களுக்கு இடமில்லை. இதில் எடை ஒதுக்கீடு எதுவும் இல்லை. வாசித்தவரை, பலவும் மீனவர்கள் நெடுநாள் கேட்டவைதான்.

ஆனாலும் கவனிக்க வேண்டியது ஒன்று. எதிர்கால ஒதுக்கீட்டுக்கு வேண்டிய பதிவேடு இந்த அனுமதியில் இருந்துதான் பிறக்கும். அனுமதி படகின் பெயரில், படகு முதலாளியின் பெயரில். முப்பது ஆண்டு, பல முள் கோத்த ஆயிரங்கால் தூண்டில் கட்டிய தொழிலாளி அதில் வர மாட்டார். இன்னொன்று, தூத்தூர்ப் படகு எந்தப் பெட்டிக்குள் அடங்கும்? தொழில்முறையைப் பார்த்தால் தூண்டிலும் செவுள் வலையும், குடும்பப் பங்கும், அப்பனிடம் கற்ற கடலறிவும்; அவர்கள் தங்களைப் பாரம்பரிய மீனவர் என்றே சொல்கிறார்கள். எஞ்சினையும் நீளத்தையும் பார்த்தால் விசைப்படகு. சட்டம் எஞ்சினைத்தான் பார்க்கும்.

சுறா விஷயத்தில் இந்த ஊர்கள் பட்டது பெரிய பாடம். தூத்தூரின் பெயரே சுறாத் தொழிலால் வளர்ந்தது. 2001 ஜூலையில் மத்திய அரசு சுறா, திரச்சி (திருக்கை) இனங்கள் எல்லாவற்றையும் ஒரே அறிவிப்பில் காட்டுயிர்ப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்த்துப் பிடிக்கத் தடை போட்டது. எதிர்ப்புக்குப் பிறகு அந்த ஆண்டு டிசம்பரிலேயே தடை சில இனங்களாகச் சுருங்கியது. 2015இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதி நின்றது. 2016இல் தூத்தூர்க்காரர்கள் அதிகம் பிடிக்கும் பட்டுச் சுறா பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. சுறாவுக்குப் பாதுகாப்பு தேவை, குட்டி குறைவாகப் போடும், மெதுவாக வளரும் மீன் அது. என் கேள்வி, தடை வந்த ஒவ்வொரு முறையும் அதை நம்பி வாங்கிய படகுக் கடனுக்கு யார் பொறுப்பேற்றார்கள் என்பது. ஒருவரும் இல்லை. அவர்களாகவே சூரைக்கும் மற்ற மீனுக்கும் மாறிக்கொண்டார்கள். இப்போது சூரைக்கும் வரம்பு பேசுகிறார்கள்.

வரம்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது கடலோரத்துக்குச் செய்யும் துரோகம். குமரியின் சிங்கி இறாலையே எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை சுமந்த தாய் இறாலையும் உள்ளங்கை அளவுக் குஞ்சையும் பிடித்து விற்றதன் பலனைக் கரை அனுபவித்துவிட்டது. 2003இல் மத்திய அரசு ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடை நிர்ணயித்தது. நம் பாறைகளில் கிடைக்கும் இனத்துக்கு 200 கிராம். நல்ல விதி, எளிய விதி. யாருடைய பழைய கணக்கும் அதற்குத் தேவையில்லை, சிறியவனுக்கும் பெரியவனுக்கும் ஒரே தராசு. கேரளம் இதே வழியில் 58 இனங்களுக்குக் குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறது; கொச்சியில் இறக்கும் நம் படகுகளுக்கும் அது பொருந்தும்.

எல்லா மீனுக்கும் எடை வரம்பு சரிவராது என்பதற்குச் சாளை சாட்சி. 2012இல் கேரளக் கரையில் ஏறத்தாழ 4 லட்சம் டன் சாளை இறங்கியது. 2021இல் சுமார் 3,300 டன். அதீதப் பிடிப்போடு கடல் சூடும் மழையும் நீரோட்டமும் சேர்ந்து ஆடிய ஆட்டம் அது. 2012ஐப் பார்த்து யாராவது பங்கு பிரித்திருந்தால், பத்தாண்டில் அந்தப் பத்திரத்தை வைத்து என்ன செய்வது? மேலும் ஒதுக்கீட்டு முறைக்குப் பேர்போன ஐஸ்லாந்தின் வலையில் ஏறுவது சில இனங்கள்தான். நம் இழுவைமடியில் ஒரே இழுப்பில் நவரையும் வாளையும் கணவாயும் கிளாத்தியும் ஏறும். ஒன்றுக்கு வரம்பு முடிந்தது என்றால் அதைக் கடலில் கொட்டிவிட்டுத்தான் மற்றதைப் பிடிக்க வேண்டும். செத்த மீனைக் கொட்டுவதால் எந்தக் கடலும் பிழைக்காது.

ஐஸ்லாந்தின் கதையையும் முழுதாகச் சொல்ல வேண்டும். 1984இல் படகுகளுக்குப் பங்கு கொடுத்தார்கள், 1990 சட்டத்தில் அதைத் தாராளமாக விற்க விட்டார்கள். மீன்வளத்துக்கு நல்லது நடந்தது, ஏற்றுமதி செழித்தது. சிறு ஊர்களின் பங்கு பெரிய நிறுவனங்களுக்குப் போனது. துறைமுகம் இருந்தும் மீன் இல்லாத ஊர்கள் உண்டாயின. பங்கு இல்லாமல் கடலுக்குப் போன இரண்டு மீனவர்கள் தண்டிக்கப்பட்டு, ஐ.நா. மனித உரிமைக் குழுவரை போனார்கள். பொதுச் சொத்தைப் பழைய பங்குதாரர்களுக்கே நிரந்தரமாகக் கொடுப்பது பாகுபாடு என்ற அவர்கள் முறையீட்டை 2007இல் குழு ஏற்றது. 2009இல் ஐஸ்லாந்து, கைத்தூண்டில் போடும் சிறுபடகுகளுக்குச் சொந்தப் பங்கு இல்லாமலே கோடையில் பிடிக்க ஒரு வாசலைத் திறந்தது. அலாஸ்காவில் 1992இலேயே வேறு மாதிரி யோசித்தார்கள்: பெரிங் கடலின் பொல்லாக் மீனில் 7.5 விழுக்காட்டைக் கரையோரக் கிராமங்களின் கூட்டமைப்புகளுக்கு ஒதுக்கினார்கள், பின்னர் அது 10 ஆனது. பங்கு தனி ஆளுக்குப் போகவில்லை, ஊருக்குப் போனது.

குமரிக்கு இந்த வழி அந்நியமானதல்ல. பிடித்த மீனில் ஒரு பங்கு கோயிலுக்கு என்று எடுத்து வைத்து, அதில் பள்ளியும் ஆலயமும் கட்டிய ஊர்கள் இவை. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்று பல ஊர்கள் தாங்களே வரம்பு வைத்திருக்கின்றன. ஆண்டுக்கு 52 நாள். சூரைக்கோ சிங்கி இறாலுக்கோ ஒருநாள் எடைப் பங்கு வந்தே தீரும் என்றால், அது ஊர்ச் சங்கத்தின் பெயரில், விற்க முடியாதபடி, படகில் ஏறும் தொழிலாளிக்கும் உரிமை இருக்கும்படி வர வேண்டும். அதற்கு முன்பாகவே, கொச்சியில் இறங்கும் மீனைப் படகின் பதிவு ஊர்க் கணக்கில் எழுதும் ஏற்பாடு வேண்டும். மீன்வளத் துறை நினைத்தால் நாளைக்கே தொடங்கக்கூடிய வேலை அது.

பெண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கரையில் மீன் இறங்கினால்தான் அவர்களுக்குத் தொழில். தலைச்சுமையாக வட்டாவைத் தூக்கி மார்த்தாண்டம், கருங்கல் சந்தைவரை போய் விற்கும் பெண்ணின் பெயர் உலகின் எந்தப் பிடிப்புப் பதிவேட்டிலும் ஏறியதில்லை. மீன் ஒரே பெரிய துறைமுகத்தில் குவியும்போது முதலில் வேலை இழப்பவர் அவர்தான். தூத்தூர் ஊர்களில் இது எப்போதோ நடந்துவிட்டது: ஆண்கள் பிடிக்கும் கேரை அந்த ஊர்ப் பெண்களின் கைக்கு வருவதே இல்லை.

இதற்கிடையில் குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு தேட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கடலோர ஊர்கள் எதிர்த்துப் போராடிக்கொண்டிருக்கின்றன. எண்ணெய் தேடினால் மீன்பிடிப்பவர் விலக வேண்டும் என்ற அந்த 1976 கடிதத்தின் வரி, அன்று இலங்கைக் கப்பல்களுக்காக எழுதப்பட்டது.

குறும்பனையில் பார்த்த ஏலக்காரரின் கையில் ஒரு சிறிய நோட்டு இருந்தது. உப்புத் தண்ணீர் பட்டு ஓரம் ஊறிப்போன நோட்டு. ஒவ்வொரு வள்ளத்துக்கும் ஒரு பக்கம். தேதி, விற்ற தொகை, கொடுத்த முன்பணத்தில் கழித்தது, பாக்கி. பல ஆண்டு நோட்டுகள் வீட்டில் கட்டி வைத்திருப்பதாகச் சொன்னார். அந்தக் கரையில் எந்த வள்ளம் எந்த நாள் கடலுக்குப் போய் வந்தது என்பதற்கு இருக்கும் எழுத்துச் சான்று அது ஒன்றுதான். புரட்டிப் பார்த்தேன். ரூபாய் இருந்தது, கடன் இருந்தது. மீனின் பெயரும் எடையும் எந்தப் பக்கத்திலும் இல்லை.